தோளுக்கு அளவான துப்பாக்கி

அவர் பெயரைச் சொல்லமாட்டேன். தெரியாமல் இல்லை. என் வீட்டுக்காரர் பெயர் முத்தையா. அவர் செத்து வெகுநாளாச்சு, ரேஷன் கடையில் கேட்டால் சட்டென்று சொல்லிவிடுவேன், கூச்சம் கிடையாது. இவர் பெயர் மட்டும் வாய்வரைக்கும் வந்து நின்றுவிடும். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துப் பொம்பளைகளுக்கு இது எதனால் என்று தெரியும். மற்றவர்கள் கேட்கக் கேட்கத் தெரிந்துகொள்ளட்டும்.

பம்பாயில், செம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தகரக்கூரை போட்ட நீளக் கொட்டகை ஒன்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே துப்பாக்கி சுடப் பழகுவார்கள். காற்றுத் துப்பாக்கிதான். வெடிமருந்து கிடையாது, பயறு மாதிரி ஈயக்குண்டு. வாசலில் ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் அவர். புதிதாக வருகிற ஆளுக்கு முதன்முதலில் எந்தத் துப்பாக்கி என்று முடிவு செய்வது அவர் வேலை. அதற்குச் சம்பளம் ஒன்றும் இல்லை. ரயில்வே ஆபீசில் அதிகாரியாக இருந்து ரிடையர் ஆனவர். வாலிபத்தில் துப்பாக்கி சுட்டு மெடல் வாங்கினவர். பூர்வீகம் பாலக்காடு, வீடு மாட்டுங்காவில், பழைய கட்டடத்தில் மூன்றாம் மாடி. பெண்சாதி தவறிவிட்டார். ஒரே மகன்.

ஆள் ஒல்லி. கஞ்சி போட்ட அரைக்கைச் சட்டை. தலை முழுக்க வெள்ளை, மீசைக்கு மட்டும் மை போட்டிருப்பார். அதைப் பார்த்து யாராவது சிரித்தால் தெரியாத மாதிரி இருப்பார். முன்கோபம் உண்டு. ஆனால் அவர் கோபமெல்லாம் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான். ஒரு சின்னப் பிள்ளை பெரிய கிளாசை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு தண்ணீர் குடித்தால் அவருக்குப் பொறுக்காது. எழுந்துபோய் வாங்கிச் சின்ன டம்ளரில் ஊற்றிக் கொடுப்பார். ரயிலில் எட்டாத கைப்பிடிக்கு எக்கி நிற்கிற பொம்பளையைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். எதைப் பார்த்தாலும் இது இந்த ஆளுக்குப் பெரிசா, கனமா என்றுதான் அவர் கண் போகும்.

அந்த மனுஷர் என்னிடம் ஒன்று கேட்பார் என்று நான் காத்திருந்தேன். இப்போது அவரும் இல்லை, எனக்கும் வயசு எழுபதைத் தொடப்போகிறது. சொல்வதற்கு என்ன?

முதலில் அவர்தான் எங்கள் தாராவிக்கு வந்தார். எங்கள் லைனில் வீட்டோடு தோல் தைக்கிற மெஷின் வைத்திருந்தேன். வீட்டுக்காரர் இருந்தவரை அவர் வெட்டுவார், நான் தைப்பேன். அவருக்கப்புறம் வெட்டுவதும் நானே. ஒரு மத்தியானம் இவர் குடையை மடக்கிக்கொண்டு சந்துக்குள் குனிந்து வந்தார். துப்பாக்கியைக் கையோடு இறுக்கிப் பிடிக்க ஒரு தோல்வார் வேண்டும், சின்னப் பிள்ளைகளுக்கு என்றார். மாதிரிக்குப் பழைய வார் ஒன்றைக் காட்டினார்.

“நீளமாவே தச்சு வரிசையா ஓட்டை போட்டுத் தாரேன் சார். பிள்ள வளர வளர ஓட்டையைத் தள்ளித் தள்ளி மாட்டிக்கிடலாம்” என்றேன்.

“அதெல்லாம் வேண்டாம். இன்னிக்கு என்ன கையோ, அந்தக் கைக்குத் தையுங்கோ. நாளைக்கு வளந்தா நாளைக்கு வரேன்.”

“உங்களுக்குத்தான அலைச்சல்?”

“அலையறதுக்கு எனக்கு நேரம் இருக்கு.”

மரை கழன்ற மனுஷர் என்று நினைத்தேன். ஆனால் சொன்ன மாதிரியே வந்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி வார். முதல் தடவை அளவெல்லாம் ஒரு காகிதத்தில் எழுதிக் கொண்டுவந்தார். நான் அதை வாங்கி வைத்துக்கொண்டு பேச்சை மாற்றினேன். அடுத்த தடவை காகிதம் இல்லை. ஒவ்வொரு கைக்கும் ஒரு நூல், அளவுக்கு வெட்டி, நுனியில் முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்தார். எனக்கு எழுத்து தடுமாறும் என்று கண்டுகொண்டிருக்கிறார். அதைப் பற்றி அன்றைக்கும் ஒரு வார்த்தை இல்லை, அப்புறமும் இல்லை. அன்றிலிருந்துதான் என்று நினைக்கிறேன்.

என் மகள் இசக்கி, காலந்தாழ்த்திப் பிறந்தவள், அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். வார் தைக்கத் தைக்க அதைக் கையில் சுற்றிக்கொண்டு, “எம்மா, நானும் சுடப் போறேன்” என்று நச்சரித்தாள். செம்பூருக்குக் கூட்டிப்போனேன்.

அவர் துப்பாக்கி தேர்ந்தெடுக்கிற அழகை அங்கேதான் பார்த்தேன். துப்பாக்கிக் கட்டையின் அடிப்பாகத்தை முழங்கை மடிப்பில் பொருத்தச் சொல்வார். விரல் நோகாமல் விசைக்கு எட்ட வேண்டும். எட்டவில்லையா, அதைத் திரும்ப மாட்டிவிட்டு இன்னொன்றை எடுப்பார். அப்புறம், “கண்ணை மூடிக்கோ. தோள்ல ஏத்து. இப்பத் திற” என்பார். திறந்ததும் குழல் நுனியில் இருக்கிற குறிமுள் நேராகக் கண்ணுக்கு முன்னால் நிற்க வேண்டும். அதைத் தேடிக் கழுத்து ஒரு நூல் வளைந்தாலும் போச்சு. “நீ துப்பாக்கியத் தேடிண்டு போகக்கூடாது. அது உன்னத் தேடிண்டு வரணும்.” இசக்கிக்கு ஒரு குட்டைத் துப்பாக்கி வந்தது. பார்க்க பொம்மை மாதிரி இருந்தது. எனக்கு அது பிடிக்கவே இல்லை.

காட்கோபரிலிருந்து ஒருவர் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். கையில் புதுத் துப்பாக்கி, அதன்மேல் டெலஸ்கோப்.

“எங்க தாத்தா ஜமீன்ல புலி சுட்டவர் சார். இவனுக்கும் அந்த ரத்தம்தான். இப்ப வேட்டைக்கு வழியில்ல, சட்டம் விடாது. ஆனாலும் வேட்டைத் துப்பாக்கியிலயே பழகட்டும்.”

“தாத்தா சுட்டுட்டார். புலியும் செத்துப்போச்சு. இவனுக்கு இப்ப என்ன வயசு?”

“பத்து.”

“மொதல்ல அந்த டெலஸ்கோப்பக் கழட்டுங்கோ. அதுல பாத்தா எல்லாம் கிட்டக்க இருக்கற மாதிரி தெரியும். கிட்டக்க இருக்குன்னு நெனச்சுண்டா கை சோம்பேறியாயிடும்.”

“இது விடாம பத்துக் குண்டு போடும் சார். நல்ல மாடல்.”

“ஒரு தடவைக்கு ஒரே குண்டு. அதுதான் ஆரம்பத்துல. பின்னாடி இன்னொண்ணு காத்துண்டிருக்குன்னு தெரிஞ்சா மொதல் குண்டுக்கு மரியாதை இருக்காது.”

வந்தவர் முகம் சிவந்து மகனை இழுத்துக்கொண்டு போய்விட்டார். நான் சிரித்துவிட்டேன். “ஒரு வரவப் போக்கிட்டியளே சார்” என்றேன். இவர் சிரிக்கவில்லை. மேஜைத்துணியை நீவிவிட்டுக்கொண்டு வேறு கதை ஒன்று சொன்னார்.

அவருடைய அப்பா நெல்லியாம்பதி மலையில் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கர். காட்டுப்பன்றி வந்து கிழங்குத் தோட்டத்தை உழுதுபோடும். எஸ்டேட் மேனேஜர் விளையாட்டுக்கு இவரைக் கூட்டிப்போய் இரட்டைக்குழல் துப்பாக்கியைக் கையில் கொடுத்திருக்கிறார். அப்போது இவர் அரை டிராயர் போட்ட பையன். துப்பாக்கி இவரைவிட நீளம். சுட்ட வேகத்தில் கட்டை திருப்பி அடித்துத் தோளெலும்பு முறிந்துவிட்டது.

“தோள் ஒட்டிண்டுடுத்து. அது பெரிசில்ல. குண்டு பன்னியோட பின்னங்காலுக்கு மேல பட்டது. உசிர் போகல. இழுத்துண்டே போய் ஒரு ஓடையில விழுந்து கத்தித்து. அந்தி வரைக்கும் கத்தித்து. மேனேஜர் தேடிப்போய்த்தான் முடிச்சார்.” மேஜைத்துணியை மறுபடியும் நீவி, “துப்பாக்கி எனக்குப் பெரிசு. வலி அதுக்கு” என்றார்.

இவ்வளவு கேட்டும் எனக்குப் புத்தி வரவில்லை. எங்களில் பிள்ளைக்கு உடுப்பு எடுத்தால் வளர்கிற அளவுக்குத்தான் எடுப்போம். யூனிபாரம் தோளை விட்டு இறங்கிக் கிடக்கும். பாவாடையை இடுப்பில் மூன்று மடிப்பு மடித்துத் தைப்போம். ஷூவுக்குள் துணியைத் திணிப்போம். வாங்கினால் நாலைந்து வருஷத்துக்கு ஓட வேண்டும். சரியான அளவில் உடுப்பு போட்ட பிள்ளையைப் பார்த்தால், பெற்றவளுக்கு முன்யோசனை இல்லை என்று பேசிக்கொள்வோம். அந்தக் கணக்கில்தான் நானும் போனேன். பெரிய போட்டிக்கு ஆள் எடுக்கிறார்கள், சொந்தத் துப்பாக்கி இருந்தால் நல்லது என்று இசக்கி சொன்னதும், அவரிடம் கேட்காமல் கோட்டைப் பக்கத்துக் கடை ஒன்றுக்குத் தனியாகப் போய், இருந்ததிலேயே நீளமானதை, கனமானதைத் தூக்கி வந்துவிட்டேன். பழைய போர்வையில் சுற்றிக்கொண்டு ரயிலில் ஏறினால் பக்கத்தில் இருந்தவள் கேட்கிறாள், “க்யா ஹை மௌசி?” என்னது சித்தி என்று.

“பர்தே கா டண்டா” என்றேன். திரைச்சீலைக் கம்பி.

அந்த ஞாயிற்றுக்கிழமை போர்வையை அவிழ்த்து மேஜைமேல் வைத்தேன், பெருமையாகத்தான். அவர் பார்த்தார். பிளாஸ்க்கைத் திறந்து காப்பியை ஊற்றிக்கொண்டார்.

“நீங்களே எடுங்கோ. தோள்ல ஏத்தி நீட்டிப் பிடிங்கோ. நான் குடிச்சு முடிக்கட்டும்.”

ஏற்றினேன். அவர் ஊதி ஊதிக் குடித்தார். எனக்கு முழங்கை தீயாய்ப் பிடித்து, ஜாக்கெட் நனைந்துவிட்டது. கொட்டகையே வேடிக்கை பார்த்தது.

“எம்மா, எறக்கும்மா. எல்லாரும் பாக்காவ” என்றாள் இசக்கி.

“நீ சும்மா இருட்டி.”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். “போறும். உங்களால முடியறது, ஒத்துக்கறேன். உங்க வைராக்கியத்துக்கு அளவெடுத்து வாங்கியிருக்கேள். சுடப்போறது அவ.”

“வளர்ற பிள்ள சார்.”

“வளரட்டும். அதுவரைக்கும் கழுத்த ஒடிச்சுண்டு, தோளச் சாச்சுண்டு பழகுவா. அப்பறம் சரியான துப்பாக்கி வந்தாலும் கோணலாத்தான் பிடிப்பா. கோணல் ஒடம்புல ஏறிடுத்துன்னா எறங்காது.”

நான் துப்பாக்கியைப் போர்வையில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டேன். இனி அந்தப் பக்கம் கால் வைப்பதில்லை என்று இசக்கியிடமும் சொல்லிவிட்டேன். அவள் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

மறுநாளே சந்துக்குள் குடை வந்தது. “நீங்க தனியாப் போனா கடைக்காரன் திருப்பி எடுக்கமாட்டான். வாங்கோ” என்றார். பக்கத்து மெஷின்காரிகள் தையலை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். போனோம். கடையில் அவர் இந்தியில் போட்ட சண்டை இப்போதும் காதில் இருக்கிறது. ஆனால் அந்தச் சண்டையைவிட, குட்டைத் துப்பாக்கியை மாற்றி வாங்கிக்கொண்டு ஸ்டேஷன்வரைக்கும் நடந்து வந்ததுதான் எனக்குப் பெரிது. கார் வருகிற பக்கமாக அவர் நடந்தார். என் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டார். என்கூட நடந்த ஆம்பளைகள் எல்லாருக்கும் பின்னால்தான் அதுவரை நான் ஓடியிருக்கிறேன்.

எங்கள் லைனில் மூத்த ஆம்பளை யாராக இருந்தாலும் அண்ணாச்சி. பால்காரர் அண்ணாச்சி, கரண்டுக்காரர் அண்ணாச்சி. இவரை மட்டும் நான் அப்படிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டுவிட்டால் அது அதோடு முடிந்துபோகும். சார் என்றேன், சார் என்பதோடு நிறுத்திக்கொண்டேன். அவரும் என்னை அம்மா என்றோ, வேறு முறை வைத்தோ கூப்பிடவில்லை. “இங்க பாருங்கோ” என்பார். அதுதான் என் பெயர்.

என் கொழுந்தன் ஒரு நாள் வாசலில் நின்று, “மைனி, ஞாயித்துக்கெழம ஆனா செம்பூருக்கு ஓடுதியளே, அங்க என்ன கோயிலு?” என்றான்.

“சுடலைமாடன் கோயிலு. வாரியா? சுட்டுட்டுத்தான் விடுவாவ” என்றேன். சிரித்துக்கொண்டே போனான். ஆனால் பேச்சு நின்றுவிடவில்லை.

ஒரு மழை ஞாயிறு. ரயில் பாதி ஓடவில்லை, கொட்டகையில் ஆளே இல்லை. இசக்கி உள்ளே சுட்டுக்கொண்டிருந்தாள். தகரத்தில் மழை அடித்தது. அவர் என்னைப் பார்த்து, “நீங்க சுட்டதில்லையே?” என்றார்.

“எனக்கெதுக்கு சார்?”

“இங்க பாருங்கோ. ரெண்டு கையையும் நீட்டி, நடுவுல சின்ன ஓட்டை மாதிரி சேத்துக்கோங்கோ. அதுவழியா அந்தக் கடியாரத்தப் பாருங்கோ. ஒரு கண்ண மூடுங்கோ. இப்ப அதைத் திறந்து மத்தத மூடுங்கோ. எதுல கடியாரம் மறையறது?”

வலதுகண்ணால் பார்த்தால் கடிகாரம் காணாமல் போனது. இடதில் நின்றது.

“நீங்க எடக்கண்ணுக்காரி” என்றார்.

அத்தனை வயசுக்கு எனக்கு அது தெரியாது. ஊசியில் நூல் கோக்கும்போது தலையை ஏன் ஒருபக்கமாகச் சாய்க்கிறேன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அவர் அலமாரிக்குப் போய் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். அவ்வளவு நேரம் வேறு யாருக்கும் எடுத்து நான் பார்க்கவில்லை. கடைசியில் ஒன்றைக் கொண்டுவந்து, அடிக்கட்டையில் இருந்த ரப்பரைக் கழற்றிவிட்டு, இடதுதோளில் வைக்கச் சொன்னார். என்னைத் தொடவில்லை. ஒரு பென்சிலால் முழங்கையை லேசாகத் தட்டி, “இன்னும் உள்ள” என்றார். கண்ணை மூடினேன். திறந்தேன். குறிமுள் என் கண்ணுக்கு நேரே நின்றது.

எனக்குக் கல்யாணச் சேலையே அக்காவுக்கு எடுத்தது. மாமியார் வளையலை நூல் சுற்றிப் போட்டேன். வீட்டுக்காரர் செருப்பில் தண்ணிக்குப் போனேன். இந்த உலகத்தில் என் அளவுக்கு என்று ஒருத்தர் தேடி எடுத்துக் கொடுத்த முதல் பொருள் அந்தத் துப்பாக்கிதான். குண்டு அட்டையின் ஓரத்தில் பட்டது. “பரவால்ல” என்றார். எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை.

இசக்கியைப் போட்டிக்கு எடுத்தார்கள். பிற்பாடு அதை வைத்தே போலீசில் வேலையும் கிடைத்தது. அவள் பெரியவளாகிவிட்டபிறகும் வார் கொடுக்கிற சாக்கில் நான் செம்பூருக்குப் போவேன். அவர் கேட்பார் என்றுதான். மாட்டுங்காவுக்கும் தாராவிக்கும் நடுவில் தண்டவாளம்தான் இருக்கிறது. அதைத் தாண்டி அவர் வீட்டுப் படியை நான் மிதித்ததில்லை. அவர் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடாமல் போகிறவள் இல்லை. அவர் எங்கள் சந்தில் உட்கார்ந்து எங்கள் கிளாசில் டீ குடிப்பார். எங்கள் சாதி என்ன, தொழில் என்ன என்று தெரிந்தேதான் குடித்தார். இவ்வளவு தூரம் வந்தவர் இன்னும் ஒரு அடி வைக்கமாட்டாரா என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

செம்பூர் ஸ்டேஷனில் ஒரு நாள் சொன்னார். அன்றைக்கு அவர் மாட்டுங்காவுக்குப் போகவில்லை, அவருடைய ரயில் ஒரு பக்கம், என் ரயில் மறுபக்கம் வரும்.

“பையன் நெருள்ல வீடு வாங்கியிருக்கான். நானும் அவாளோட போயிடறேன்.”

“ஞாயித்துக்கெழம வருவியள்லா?”

“முட்டி ஒத்துழைக்கல.” தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். ரொம்ப நாளா. வேண்டாம்னு வெச்சுட்டேன்.”

“ஏன்?”

“பொண்ணு கல்யாணம் இருக்கு. உங்க மனுஷா இருக்கா. சந்து முழுக்கப் பேசுவா. அதைக் கேட்டா எனக்கு லேசாயிடும். கனமெல்லாம் உங்க தலையில ஏறிடும்.”

“அத நீங்களே தூக்கிப் பாத்துட்டியளா சார்?”

அவருடைய ரயில் வந்தது, ஏறவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் துடைத்தார். அடுத்த ரயிலில் ஏறிப் போனார்.

அந்தக் கொட்டகைக்கு வந்த ஒவ்வொரு ஆளுக்கும் கையில் கொடுத்து, தோளில் ஏற்றச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் பெரிசு, சிறிசு என்று சொன்னவர் அவர். கொடுக்காமலே தீர்மானித்தது எனக்கு மட்டும்தான். அந்த வருத்தம் எனக்கு இன்றைக்கும் உண்டு. நெருள் தூரமில்லை, ஒரு ரயில்தான். ஆனால் கேட்காத வீட்டுக்கு எந்த முகத்தோடு போவது? மெஷினில் உட்கார்ந்திருக்கையில் சந்தில் குடை நிழல் விழுந்தால் தலை தானாக நிமிரும். எவனாவது சீட்டுக்காரனாக இருப்பான்.

இசக்கிக்குக் கல்யாணம் முடிந்து புனா பக்கம் போனாள். எனக்கு இனி யார் கனத்தைப் பற்றியும் யோசிக்க வேண்டியதில்லை. ஒரு நாள் காலையில் குளித்து, அரக்குச் சுங்குடி கட்டிக்கொண்டு, கொட்டகையில் கேட்டு வாங்கின விலாசத்தோடு நெருளுக்குப் போனேன். மகனும் மருமகளும் ஆபீசுக்குப் போயிருந்தார்கள். அவரே சுவரைப் பிடித்து வந்து கதவைத் திறந்தார். உடம்பு வற்றி, சட்டை அவருக்குப் பெரிதாகிவிட்டிருந்தது.

“ஒக்காருங்கோ.”

நான் உட்காரவில்லை. “அன்னைக்கு ஸ்டேசன்ல கேக்காம விட்டத இப்பக் கேளுங்க சார்.”

“இப்பக் கேட்டு என்ன ஆகப்போறது?”

“ஒண்ணும் ஆவாண்டாம். கேளுங்க.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்து அதன் கையைத் தடவினார். “என்கூட வந்து இருப்பேளான்னு கேக்க இருந்தேன்.”

“வந்திருப்பேன்.”

“பேசியிருப்பா.”

“பேசியிருப்பாவ. நான் பாட்டுக்குப் பாத்திரம் வெளக்கிட்டு இருந்திருப்பேன்.”

அவர் தலையை ஆட்டினார். “தப்பா நெனச்சுட்டேன்.”

“ஆமா” என்றேன். ஆறுதலாக வேறு ஒன்றும் சொல்ல எனக்கு மனசில்லை.

பிறகு காப்பி போடட்டுமா என்று கேட்டேன். அடுக்களையைக் காட்டினார். டிகாக்‌ஷன் எங்கே, சர்க்கரை எங்கே என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார். நான் எடுத்தேன், கலந்தேன், அவர் கைக்கு அடங்குகிற டம்ளராகப் பார்த்து ஊற்றிக் கொடுத்தேன். ஜன்னல் வழியாக வெயில் வந்தது. குக்கரைக் கழுவி வைத்திருக்கலாமே என்று அவர் மருமகளைப் பற்றிக் குறை சொன்னார். வயசான காலத்தில் வாயை அடக்குங்க என்றேன். சிரித்தார். நாங்கள் குடித்தனம் பண்ணினது அந்தக் காப்பி ஆறுகிற நேரம்தான்.

“மறுபடி வருவேளா?” என்றார்.

“நீங்க கேட்டா வருவேன்.”

“கேக்கறேன்.”

சரி என்று சொல்லிவிட்டு லிப்டில் இறங்கினேன். அடுத்த மழைக்குள் அவர் போய்விடுவார் என்று அப்போது யாருக்குத் தெரியும்? கீழே வெயிலில் கொஞ்சம் நின்றேன். பால்கனிக்கு வந்து நிற்பார் என்று தெரியும். மேலே பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அன்றைக்கே திரும்ப ஏறியிருப்பேன்.